பெண்ணுக்கும் சம பங்கு என்ற 2020 தீர்ப்பு உங்கள் வீட்டு நிலத்துக்குப் பொருந்துமா?

கேள்வி சுருக்கமாக: தாத்தா பெயரில் 4 ஏக்கர் நஞ்சை. அவர் 1971-ல் இறந்தார். பாட்டி அவருக்கு முன்பே போய்விட்டார். பிள்ளைகள் அப்பா, சித்தப்பா, அத்தை என மூவர். 1983-ல் அப்பாவும் சித்தப்பாவும் வெள்ளைத்தாளில் கூர்சீட்டு (பங்கு பிரித்த சீட்டு) எழுதி ஆளுக்கு 2 ஏக்கர் எடுத்துக்கொண்டார்கள். அப்பா 2001-ல் உயில் எழுதாமல் இறந்தார், அம்மா 2009-ல். அக்காவுக்கு 1986-ல் கல்யாணம், கேட்பவருக்கு 1993-ல். அண்ணன் 2012-ல் பட்டாவைத் தன் பெயருக்கு மாற்றி, 2015-ல் ஒரு ஏக்கரை விற்றுவிட்டார். "பெண்களுக்கும் பூர்வீகச் சொத்தில் சம பங்கு என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதே, எங்களுக்குப் பொருந்துமா?"

உங்கள் இருவருக்கும் பங்கு உண்டு. ஆனால் அந்தப் பங்கு 2020 தீர்ப்பால்தான் வருகிறதா என்பதை இன்னும் சொல்ல முடியாது. நீங்கள் எழுதியதில் அதற்கான விவரம் ஒன்று விட்டுப்போயிருக்கிறது: தாத்தாவுக்கு அந்த நிலம் எப்படி வந்தது?

முதலில் தீர்ப்பைப் பார்ப்போம். வினீதா சர்மா எதிர் ராகேஷ் சர்மா, 2020 ஆகஸ்ட் 11, மூன்று நீதிபதிகள் அமர்வு. "மகள் வாழ்நாள் முழுதும் மகள்" என்ற வரிதான் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. அது தீர்ப்பின் அலங்காரம். வழக்கை முடித்தது அந்த வரி அல்ல. அமர்வின் முன் இருந்த கேள்வி குறுகலானது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு 2005 செப்டம்பர் 9 முதல் திருத்தப்பட்டு, கூட்டுக்குடும்பச் சொத்தில் மகனைப் போலவே மகளும் பிறப்பால் பங்குதாரர் ஆனார். அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்தால்தான் மகளுக்கு அந்த உரிமையா? ஆம் என்றது 2015-ன் பிரகாஷ் எதிர் பூலவதி தீர்ப்பு. அதற்கு முன்பே அப்பா இறந்துபோன ஒரு குடும்பத்தில் மகள்களுக்குப் பங்கு கொடுத்தது 2018-ன் தனம்மா தீர்ப்பு. இந்த முரணைத் தீர்க்கவே மூவர் அமர்வு. உரிமை பிறப்பால் வருகிறது, அப்பா உயிரோடு இருக்க வேண்டிய அவசியம் இல்லை என்றது விடை.

ஒரு தீர்ப்பு எதை முடிவு செய்ததோ அதற்கு மட்டுமே அது ஆதாரம் என்று இங்கிலாந்தின் குவின் எதிர் லெதம் வழக்கில் 1901-ல் சொன்னதை நம் உச்ச நீதிமன்றமும் 1968 முதல் பலமுறை எடுத்துச் சொல்லியிருக்கிறது. அந்த அளவுகோலை இங்கே வைத்தால், 2020 தீர்ப்பு பேசுவது கூட்டுக்குடும்பச் சொத்தைப் பற்றி மட்டும். சொந்தச் சம்பாத்தியத்தை அது தொடவே இல்லை. குடும்பம் இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கு உட்பட்டதாகவும் இருக்க வேண்டும். கிறிஸ்தவக் குடும்பத்துக்கு 1925-ஆம் ஆண்டின் வாரிசுரிமைச் சட்டம், முஸ்லிம் குடும்பத்துக்கு அவர்களுடைய தனிச் சட்டம். பிறப்பால் பங்கு என்ற பேச்சே அவற்றில் கிடையாது.

பேச்சு வழக்கில் தாத்தா காலத்து நிலம் எல்லாமே "பூர்வீகம்"தான். நீதிமன்றத்தில் அப்படி இல்லை. இந்த ஒரு சொல்லை நம்பி வழக்குப் போட்டு, நாலைந்து வருடம் கழித்து "சொத்தின் தன்மை நிரூபிக்கப்படவில்லை" என்ற வரியோடு திரும்பி வருகிறவர்கள் நிறையப் பேர். கூட்டுக்குடும்பமாக இருந்தோம் என்று காட்டினால் மட்டும் சொத்தும் கூட்டுச் சொத்து ஆகிவிடாது. அப்படிச் சொல்கிறவர்தான் அதை நிரூபிக்க வேண்டும்.

உங்கள் நிலத்துக்கு இரண்டு வழிகள் இருக்கலாம்.

முதல் வழி: தாத்தா தன் காசில் கிரயம் வாங்கிய நிலம். அப்படியானால் அது அவருடைய சுயார்ஜிதம். 1956 ஜூன் 17-ல் இந்து வாரிசுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தபின் தாத்தா இறந்திருக்கிறார். ஆகவே 8-ஆம் பிரிவின்படி மகன், மகள் என்ற வித்தியாசம் இல்லாமல் பிள்ளைகள் மூவருக்கும் சம பங்கு. அப்படி அப்பாவுக்கு வந்த பங்கு அவர் கையில் தனிச் சொத்து. பேரனுக்குப் பிறப்பால் அதில் எதுவும் இல்லை. வரித்துறை தொடர்பான சந்தர் சென் வழக்கில் 1986-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. சென்னை உயர் நீதிமன்றம் அதற்கு முன்பே எடுத்திருந்த நிலைப்பாடும் இதுவே. 2001-ல் அப்பா இறந்தபோது மறுபடியும் 8-ஆம் பிரிவு: அம்மா, அண்ணன், அக்கா, நீங்கள் ஆளுக்குக் கால் பங்கு. 2009-ல் அம்மாவின் கால் பங்கும் மூவருக்கும் சமமாக இறங்க, கடைசியில் ஆளுக்கு மூன்றில் ஒன்று.

இந்த வழியில் 2020 தீர்ப்பு தேவையே இல்லை என்பதைக் கவனியுங்கள். 2005 திருத்தமும் தேவையில்லை. கல்யாணம் எந்த வருடம் நடந்தது என்பதும் ஒரு பொருட்டில்லை. "2020 தீர்ப்புப்படி பங்கு வேண்டும்" என்று நோட்டீஸ் கொடுத்தால், "இது கூட்டுக்குடும்பச் சொத்தே அல்ல, அந்தத் தீர்ப்பு பொருந்தாது" என்று அண்ணன் தரப்பு சரியாகவே பதில் எழுதும். அதைப் படித்துவிட்டுப் பங்கே இல்லையோ என்று நீங்கள் பயந்து போவீர்கள். கோரிக்கை சரி, சொன்ன காரணம்தான் தப்பு.

ஆனால் இதே 8-ஆம் பிரிவு அத்தைக்கும் உண்டு. அவர் 1983 கூர்சீட்டில் கையெழுத்துப் போடவில்லை என்றால் அது அவரைக் கட்டுப்படுத்தாது. 4 ஏக்கர் என்றால் 400 சென்ட். அதில் மூன்றில் ஒன்று, 133 சென்ட் சொச்சம், அவருடையது. அப்போது அப்பாவின் உண்மையான பங்கும் 200 சென்ட் அல்ல, 133 சென்ட்தான். உங்களுக்கு வருவது 66 சென்ட் சொச்சம் அல்ல, 44 சென்ட் சொச்சம். பெண்ணுக்கும் பங்கு என்று கேட்கிறவர் அத்தைக்கு மட்டும் இல்லை என்று சொல்ல முடியாது. அவருடைய உரிமை காலக்கெடுவால் போய்விட்டது என்று வாதிடலாம். அந்த வாதத்தை அண்ணன் அப்படியே உங்கள் பக்கம் திருப்புவார்.

இரண்டாவது வழி: தாத்தாவுக்கு அவருடைய அப்பாவிடமிருந்து வந்த நிலம், அந்த அப்பாவும் 1956-க்கு முன்பே இறந்தவர். அப்போதிருந்த பழைய சட்டப்படி அது தாத்தா கையில் கூட்டுக்குடும்பச் சொத்து. இங்கேதான் 2020 தீர்ப்பு உள்ளே வருகிறது.

கணக்கை விளக்குவதற்காக அத்தையின் பங்கை இப்போதைக்கு ஒதுக்கிவிட்டு, அப்பாவின் 2 ஏக்கர் முழுவதையும் கூட்டுச் சொத்தாக வைத்துக்கொள்கிறேன். 2001-ல் இருந்த சட்டப்படி, அப்பா இறப்பதற்கு முந்தைய நொடியில் ஒரு பாகப்பிரிவினை நடந்ததாகப் பாவித்து அவர் பங்கை எடுத்து, அதை மட்டும் வாரிசுகளுக்குப் பிரிக்க வேண்டும். தமிழ்நாட்டுக்கு இங்கே ஒரு தனிச் சங்கதி உண்டு. 1989 மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வந்த மாநிலத் திருத்தம், 29-ஏ பிரிவு, மகள்களையும் கூட்டுப் பங்குதாரர் ஆக்கியது. அந்தத் தேதிக்கு முன் கல்யாணமான மகள்களை மட்டும் விட்டுவிட்டது. அக்காவுக்கு 1986, ஆகவே வெளியே. உங்களுக்கு 1993, ஆகவே உள்ளே. அந்தக் கணக்கில் அப்பா, அண்ணன், நீங்கள் ஆளுக்கு 66⅔ சென்ட். அப்பாவுடைய 66⅔ கடைசியில் மூன்றாகப் பிரிந்து ஆளுக்கு 22 சென்ட் சொச்சம். அண்ணனுக்கும் உங்களுக்கும் சுமார் 89 சென்ட், அக்காவுக்கு 22 மட்டும். 2005 திருத்தத்தையும் 2020 தீர்ப்பையும் வைத்துப் பார்த்தால் கல்யாணத் தேதி காணாமல் போய், மூவருக்கும் தலா 66⅔ சென்ட்.

அதாவது இந்த வழியில் தீர்ப்பால் பிழைக்கிறவர் அக்கா. உங்கள் பங்கு குறைகிறது. ஒரே வக்கீலிடம் இருவரும் சேர்ந்து போவதற்கு முன் இதை உட்கார்ந்து பேசிக்கொள்வது நல்லது.

இனி அண்ணன் சொல்லப்போகும் பதில். திருத்தப்பட்ட 6-ஆம் பிரிவிலேயே ஒரு விலக்கு இருக்கிறது: 2004 டிசம்பர் 20-க்கு முன் நடந்த விற்பனை, பாகப்பிரிவினை, உயில் ஆகியவற்றைத் திருத்தம் பாதிக்காது. (அந்தத் தேதியில்தான் மசோதா மாநிலங்களவைக்கு வந்தது.) "1983-லேயே பாகப்பிரிவினை முடிந்துவிட்டது, 2004-க்கு முந்தியது, ஆகவே தீர்ப்பு பொருந்தாது" என்பார். தேதி பொருந்துகிறது, உண்மைதான். ஆனால் அந்தப் பிரிவினை யாருக்கும் யாருக்கும் இடையே நடந்தது? அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும். அதன் பிறகு அப்பா கைக்கு வந்த 2 ஏக்கர் அவருக்கும் அவர் பிள்ளைகளுக்கும் இடையே பிரிபடாமலேயே இருந்தது. 1983-ன் பிரிவினை சித்தப்பா குடும்பத்தைத்தான் தனியே பிரித்தது. அண்ணனை உங்களிடமிருந்து பிரிக்கவில்லை. விலக்கு பொருந்துமா என்று பார்க்கும்போது தேதியை மட்டும் பார்த்துவிட்டு ஆட்களைப் பார்க்காமல் விடுவது அடிக்கடி நடக்கிற தவறு.

கூர்சீட்டே செல்லுமா என்பது வேறு விஷயம். அதை எடுத்து வினைச்சொற்களைப் பாருங்கள். "சென்ற ஆண்டு பஞ்சாயத்தார் முன்னிலையில் பிரித்துக்கொண்டு அவரவர் அனுபவித்து வருகிறோம்" என்று இருந்தால், அது முன்பே நடந்ததன் குறிப்பு, பதிவு தேவையில்லை. "இன்று இதன் மூலம் கீழ்க்கண்டபடி பிரித்துக்கொள்கிறோம்" என்றால் அந்தத் தாளே சொத்தைப் பிரிக்கிறது. 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி பதிந்திருக்க வேண்டும். பதியாவிட்டால் பிரிவினைக்கு ஆதாரமாக அதை ஏற்க மாட்டார்கள். முத்திரைத் தீர்வையும் அபராதமும் கட்டினால், அனுபோகம் எப்படி இருந்தது என்பது போன்ற துணை விஷயத்துக்கு மட்டும் காட்டலாம். ஒரு வினைமுற்றில் வழக்கு திசை மாறும்.

2005 திருத்தம் இதில் இன்னும் கடுமை. 6-ஆம் பிரிவின் 5-ஆம் உட்பிரிவுக்கான விளக்கம் பாகப்பிரிவினை என்றால் பதிவுப் பத்திரம் அல்லது நீதிமன்றத் தீர்ப்பாணை என்கிறது. வாய்மொழிப் பிரிவினை என்ற கதையை எளிதில் ஏற்கக் கூடாது, பொது ஆவணங்கள் தாங்கி நிற்கும் விதிவிலக்கான நிலையில் மட்டும் ஏற்கலாம் என்பதையும் 2020 தீர்ப்பே சொல்கிறது. 1983-க்குப் பின் அப்பா, சித்தப்பா பெயரில் தனித்தனிப் பட்டா, தனித்தனிக் கிஸ்தி (நிலவரி) ரசீது, யாராவது தன் பாகத்தை அடமானம் வைத்த பதிவு இருந்தால் கூர்சீட்டுக்குப் பலம் கூடும். எதுவும் இல்லாவிட்டால் 4 ஏக்கரும் பிரிபடாத சொத்தாகி, சித்தப்பாவையும் அத்தையையும் வழக்கில் சேர்க்க வேண்டிவரும். அவர்களை விட்டுவிட்டால், தேவையான தரப்பினர் இல்லை என்ற காரணமே வழக்கைக் கெடுக்கப் போதும்.

1956-க்கு முந்தைய மரணங்களுக்கும் மகள்களுக்குப் பங்கு என்று ஒரு தீர்ப்பு சுற்றுகிறதே என்று அடுத்துக் கேட்பீர்கள். அது அருணாசல கவுண்டர் எதிர் பொன்னுசாமி, 2022 ஜனவரி 20. தமிழ்நாட்டு வழக்குதான். 1938-ல் நீதிமன்ற ஏலத்தில் ஒருவர் தனியாக வாங்கிய சொத்து. அவர் 1949-ல் இறந்தார். இருந்தது ஒரே மகள், மகன் இல்லை. சொத்து மகளுக்கா, இறந்தவருடைய சகோதரனின் மகனுக்கா என்பதுதான் போட்டி. மகளுக்கே என்றது நீதிமன்றம். தனிச் சொத்து, மகன் இல்லை என்ற இரண்டு கால்களில் அந்தத் தீர்ப்பு நிற்கிறது. மகன் இருந்த வீட்டில், 1956-க்கு முந்தைய மரணத்துக்கு, அதைக் கொண்டுபோய்க் காட்டிப் பயனில்லை. உங்கள் தாத்தாவின் அப்பாவுக்கு மகள் இருந்தார் என்பதற்காக அதை இழுக்க வேண்டாம்.

தாத்தா அப்பாவுக்கு செட்டில்மென்ட் பத்திரமோ (உயிரோடு இருக்கும்போதே சொத்தை எழுதிக் கொடுப்பது) உயிலோ எழுதியிருந்தால் மேலே சொன்ன இரண்டு வழியும் மாறும். சுயார்ஜிதத்தை அப்படிக் கொடுத்தால் அது மகன் கையில் தனிச் சொத்தா, குடும்பச் சொத்தா என்பது பத்திரத்தின் வாசகத்தில் தெரியும் எண்ணத்தைப் பொறுத்தது (அருணாசல முதலியார் வழக்கு, 1953). நீங்கள் அப்படி எதுவும் குறிப்பிடவில்லை. வில்லங்கச் சான்று (அந்த நிலத்தின் பத்திரப் பதிவுகளின் பட்டியல்) போட்டுப் பார்க்கும்போது கண்ணில் படும்.

ஆகவே முதல் வேலை நிலத்தின் வரலாற்றை எடுப்பது. பழைய சர்வே எண்ணையும் இப்போதைய உட்பிரிவு எண்ணையும் கிராம நிலக் கணக்கான அ-பதிவேட்டில் சரிபாருங்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்றை முடிந்த அளவு பின்னோக்கிக் கேளுங்கள். பழைய பதிவுகள் கணினியில் இல்லாவிட்டால், கையால் தேடும் மனு போட வேண்டும். தாத்தா பெயரில் கிரயப் பத்திரம் கிடைத்தால் முதல் வழி. கிரயமே இல்லாமல் பழைய நிலவரித் திட்டப் பதிவேட்டில் (செட்டில்மென்ட் ரிஜிஸ்டர்) அவருடைய அப்பா பெயர் இருந்தால் இரண்டாவது வழிக்குப் பலம். கிரயம் இருந்தும், குடும்ப நிலத்தின் வருமானத்தில் வாங்கியது என்று காட்ட முடிந்தால் மறுபடியும் இரண்டாவது வழி. ஆனால் அதற்கு மூல நிலமும் அதன் வருமானமும் தெரிய வேண்டும். மூன்று தலைமுறை இறப்புச் சான்றிதழ்களும் வேண்டும். சான்றிதழ் இல்லாத பழைய மரணத்துக்கு, இறந்தவர் பெயருக்குப் பதில் வாரிசு பெயர் ஏறிய பட்டா மாற்ற உத்தரவு, பின்னால் எழுதிய பத்திரங்களில் "காலஞ்சென்ற" என்று வரும் இடம், இவை உதவும்.

பட்டா மாறிவிட்டது என்று பதற வேண்டாம். பட்டா வருவாய்த்துறையின் பதிவு. அது உரிமையை உண்டாக்காது, இருப்பதைப் பறிக்கவும் செய்யாது. சீர், நகை வாங்கிக்கொண்டது பங்கை அழிக்காது. கையெழுத்துப் போட்டுப் பதிந்த விடுதலைப் பத்திரம் (பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரம்) அழிக்கும். அப்படி ஏதாவது கையெழுத்து எப்போதாவது போட்டீர்களா என்பதை அக்காவிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

2015 விற்பனை 2004-க்குப் பிந்தியது, ஆகவே விலக்கு அதைக் காக்காது. அண்ணன் தன் பங்கை மட்டுமே விற்றிருக்க முடியும்: அதிகபட்சம் 66 சென்ட் சொச்சத்துக்கு உரியவர் 100 சென்ட் விற்றிருக்கிறார். வாங்கியவரையும் வழக்கில் சேர்க்க வேண்டும். நீதிமன்றம் பொதுவாக விற்ற பகுதியை முடிந்தவரை அண்ணன் பங்கில் ஒதுக்கி, மிச்சத்துக்குத்தான் கிரயத்தைச் செல்லாதது என்னும். ஆகவே வாங்கியவரின் 100 சென்டையும் மீட்டுவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள்.

காலக்கெடு விஷயத்தில்தான் அவசரம். கூட்டு உரிமையாளர் ஒருவரின் அனுபோகம் எல்லோருக்காகவும் என்பது பொது விதி. இந்த விதிக்கும் ஒரு எல்லை உண்டு. "உனக்குப் பங்கு இல்லை" என்று வெளிப்படையாக மறுத்து, அது உங்களுக்குத் தெரிந்த நாளிலிருந்து 12 ஆண்டு ஓடத் தொடங்கும். பட்டா மாறியது மட்டும் மறுப்பு ஆகாது. ஆனால் 2012-ல் அதைப் பற்றிச் சண்டை போட்டு அவர் மறுத்ததற்கு எழுத்து இருந்தால், 2024-லேயே கெடு முடிந்தது என்று வாதம் வரும். வாங்கியவர் தனக்கே முழு உரிமை என்று வேலி போட்டு அனுபவிக்கிறார் என்றால் 2015-லிருந்து 2027.

இதனால் வழக்குரையில் ஒரு வாக்கியத்தில் கவனம் வேண்டும். "அண்ணன் 2012-லேயே எங்களைத் துரத்திவிட்டார்" என்று எழுதினால் கோபம் தணியும். ஆனால் கூட்டு அனுபோகம் இல்லை என்று நீங்களே ஒப்புக்கொண்டதாகி, கெடுவும் ஓடியிருக்கும், தமிழ்நாடு நீதிமன்றக் கட்டணச் சட்டத்தின் 37(1) பிரிவுப்படி உங்கள் பங்கின் மதிப்பில் சதவீதக் கட்டணமும் கட்ட வேண்டியிருக்கும். கூட்டு அனுபோகத்தில் இருக்கிறோம் என்றால் 37(2)-ன் நிலையான சிறு கட்டணம் போதும். எது உண்மையோ அதைத்தான் எழுத வேண்டும், குறுக்கு விசாரணையில் எப்படியும் வெளியே வரும். நெல் வந்ததா, குத்தகைப் பணத்தில் பங்கு வந்ததா, பொங்கலுக்கு அரிசி அனுப்பினாரா என்று வருடவாரியாக எழுதிவைத்துக்கொண்டு வக்கீலைப் பாருங்கள். வழக்குரையில் உரிமைக்கான காரணத்தை இரண்டு வழியாகவும் எழுதச் சொல்லுங்கள்: தாத்தாவின் சுயார்ஜிதம் என்றால் 8-ஆம் பிரிவு, அது ஏற்கப்படாவிட்டால் மாற்றாக 6-ஆம் பிரிவும் 2020 தீர்ப்பும்.